எல்லாரும் "விளங்குது சேர்" என்று எழுதிய வகுப்பு

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வகுப்புப் பிரதிநிதி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இணையவழிப் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை முடிந்த அன்றே அந்த உத்தியோகமும் முடிந்தது. சம்பளம் இல்லாத வேலை என்பதால் ஓய்வூதியமும் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்குப் புத்திமதி சொல்லும் உரிமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இணைய வகுப்பில் எப்படி நுழைவது, ஒப்படையை எங்கே ஏற்றுவது, டேட்டாவை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. முதல் கிழமையிலேயே நீங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வீர்கள். மிச்சத்தை எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லி விளக்குகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் உன்னிச்சைப் பிள்ளை, மட்டக்களப்பு டவுனிலிருந்து தள்ளி, சிக்னல் குறைந்த வயல் கிராமம். அப்பா வயல் செய்கிறார். அப்பாவும் சரி அம்மாவும் சரி, பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள் அல்ல. எங்கள் வீட்டில் முதன்முதலாக உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் நுழைந்தவள் நான். முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவளும் நான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் தெரிந்தால் தெரியட்டும். நான் உழைத்துச் சேர்த்த தலைக்கனம் அது.

என்னைப் பிரதிநிதி ஆக்கியது என் கெட்டித்தனம் அல்ல, அம்மா போட்ட தேநீர். முதல் நாள் எல்லோரும் கமராவையும் மைக்கையும் திறந்து தங்களை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். அன்று காலையிலேயே அம்மா முற்றம் கூட்டி, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பேசிக்கொண்டிருந்தபோது தட்டில் தேநீரோடு வந்து, போனுக்கு நேரே நீட்டினார்.

"சேர், தேத்தண்ணி எடுங்க. சீனி காணாட்டிச் சொல்லுங்க."

வெளியே அப்பாவின் குரல். பக்கத்துக் காணியில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கத்தினார். "டேய், கொஞ்சம் நிப்பாட்டுடா. புள்ள கம்பஸுல இரிக்கா."

நான் இருந்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, அவருக்குப் பின்னால் இருந்த அறையில்.

போனில் கட்டம் கட்டமாக எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குப் புள்ளிவிபரவியல் எடுக்க வந்திருந்த சேரும் சிரித்தார். அவர் எங்களைவிட அதிகம் மூத்தவர் அல்ல. தற்காலிக விரிவுரையாளர், இணையத்தில் படிப்பிப்பது அவருக்கும் அதுதான் முதல் தடவை. பெயரை எழுதினால் வெட்கப்படுவார், ஆகவே சேர் என்றே எழுதுகிறேன். "இந்த வகுப்புல உயிர் இரிக்கிற வீடு இது ஒண்டுதான். நீங்கதான் ரெப்" என்றார்.

நான் வெட்கப்படவில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு இந்தப் படிப்பு விளங்காவிட்டால் பரவாயில்லை, அது நடக்கிறது என்று தெரிந்தால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகப் படித்தவர்கள்தான் எங்கள் வகுப்பில் முதலில் நின்றுபோனார்கள். படிக்கிறாள் என்று வீட்டுக்குத் தெரியாவிட்டால், சும்மா இருக்கிறாள் என்று கடைக்கு அனுப்புவார்கள்.

ஆனால் இரண்டாம் நாளிலிருந்து கமராவும் மைக்கும் மூடிக்கொண்டன. எல்லோரும் கறுப்புக் கட்டங்கள் ஆனோம். சேர் ஒவ்வொரு பக்கமாகக் காட்டி விளக்குவார். முடிவில் புருவத்தை உயர்த்தி, "விளங்குதா?" என்பார். உடனே அரட்டைப் பெட்டியில் ஒருவர் "விளங்குது சேர்" என்று எழுதுவார். அதன் கீழே அடுத்தவர். அதன் கீழே நாங்கள் எல்லோரும். விளங்கியதா என்பது வேறு விடயம். ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டுச் சொல்லும்போது இல்லை என்று எழுதுவது மரியாதையாகத் தெரியவில்லை. நீங்களும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள்.

அந்த வருடம் என் தலையில் இன்னொரு பாரம் இருந்தது. தங்கச்சி சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தாள். மாமா அவளுக்குக் கார்மென்ட்ஸ் தையல் தொழிற்சாலையில் ஓர் இடம் பார்த்துவிட்டு வந்திருந்தார். அம்மாவுக்கு அது சரியாகத்தான் பட்டது. அப்பா மட்டும் முடிவைத் தள்ளிப் போட்டார்.

"மூத்தவ முதல் வருசத்தத் தாண்டட்டும் மச்சான். இந்தப் போன் படிப்பு மெய்யான படிப்புத்தானா எண்டு அப்ப தெரியும். தாண்டினா சின்னவளும் படிக்கட்டும். இல்லாட்டி நீ சொன்ன மாதிரி அனுப்புவம்."

முதல் வருடம் தாண்ட வேண்டுமென்றால் புள்ளிவிபரவியலில் சித்தியடைய வேண்டும். அது கட்டாயப் பாடம். தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை. நான் வகுப்பில் இருக்கும்போதெல்லாம் கோழிகளை மட்டும் தூரத் துரத்திவிடுவாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் வகுப்பு தொடங்கியது, சேரின் முகம் தெரிந்தது, பக்கங்கள் மாறின, வாய் அசைந்தது. சத்தம் இல்லை. எங்கள் பக்கத்துச் சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். பிறகு வேலிப் பக்கம். பிறகு குளக்கட்டு. குளக்கட்டில் சிக்னல் நிறைய இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. போன் பழுது என்று முடிவு கட்டினேன். சேர் புருவத்தை உயர்த்தினார். அரட்டையில் "மிகத் தெளிவு சேர்" என்று வந்தது. எழுதியது றொஷான், மட்டக்களப்பு டவுன் பெடியன், வீட்டில் நல்ல இணைப்பு உள்ளவன். அவனுக்குத் தெளிவு என்றால் குறை என்னிடம்தான். அதன் கீழே "விளங்குது சேர்" என்று நானும் எழுதினேன். ரெப்புக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வகுப்பும் அப்படியே. சேர் உற்சாகமாக இருந்தார். கைகளை விரித்து விரித்துப் பேசினார், ஒரு இடத்தில் தானே சிரித்தார். நாங்களும் சிரிப்பு முகங்கள் அனுப்பினோம். அத்தோடு அந்த அலகு முடிந்தது.

அதற்கடுத்த வகுப்பில் சத்தம் வந்தது. நல்ல கணீரென்ற சத்தம். அதில் முதலாவதாகக் கேட்டது இதுதான்.

"வருட இறுதி வாய்மொழிப் பரீட்சையில கூடுதலான கேள்வி போன அலகுல இருந்துதான். ஏனெண்டா அதுதான் உங்க எல்லாருக்கும் நல்லா விளங்கின அலகு."

வகுப்பு முடிந்ததும் நான் சிபானாவுக்கு அழைத்தேன். சிபானா காத்தான்குடி, கலியாணம் முடித்தவள், மாப்பிள்ளை கட்டாரில், மடியில் கைக்குழந்தை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே எங்களில் எவரையும்விட அழகாகக் குறிப்பு எடுப்பாள்.

"சிபானா, போன ரெண்டு வகுப்புக் குறிப்பையும் ஒருக்கா அனுப்புகா. என்ட போன் பழுதாகிக் கேக்கல்ல."

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கியது.

"நான் உன்னட்டக் கேக்கத்தான் இருந்தன் புள்ள. இவன் போனத் தண்ணிக்குள்ள போட்டுட்டான், அதுதான் சத்தம் இல்லையெண்டு நினைச்சி இவனுக்கு ரெண்டு அடியும் போட்டுட்டன்."

இரண்டு பேரும் சேர்ந்து றொஷானுக்கு அழைத்தோம்.

"மிகத் தெளிவு எண்டு எழுதினியே, என்ன தெளிவாக் கேட்டது?" என்றேன்.

"சிலைட் தெளிவா இருந்தது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சத்தம் வரல்ல. எங்கட வீட்டு லைன் பிழையெண்டு டடி ஆளக் கூப்பிட்டு, அவன் கூரையில ஏறி ஓடு ரெண்ட உடைச்சிட்டுப் போயிரிக்கான்."

ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் போனை, அவரவர் சிக்னலை, அவரவர் பிள்ளையைக் குற்றம் சொல்லியிருந்தோம். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அப்பா வாய்க்கால் வழியே மேலே நடந்து, பக்கத்து வயல் வரவைக்காரரிடம் உனக்கு வருகிறதா என்று கேட்பார். அந்த வீட்டில் பிறந்த எனக்கு, ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கத் தோன்றவில்லை. ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் படிப்புக்குள் நுழையும்போதே, இங்கே ஏதாவது பிழை நடந்தால் அது நம்மால்தான் என்று எண்ணிக்கொண்டு நுழைகிறோம். அந்த எண்ணத்தை வாசலிலேயே கழற்றி வையுங்கள்.

இனி என்ன செய்வது என்று வகுப்புக் குறூப்பில் சண்டை தொடங்கியது. ஒரு பக்கம், "ஒபிசில முறைப்பாடு குடுப்பம், பரீட்சையத் தள்ளிப் போடுவாங்க" என்றது. இன்னொரு பக்கம், "சேர் தற்காலிகம். முறைப்பாடு போனா அவர்ட வேலை போயிரும்" என்றது. மிச்சப் பேர், "பேசாம புத்தகத்தப் பார்த்துப் படிப்பம், ஏன் வம்பு" என்றார்கள். நான் புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தேன். எழுத்துகள் தமிழாகத்தான் இருந்தன.

கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து நின்றார்கள். ரெப் என்ன சொல்றா?

நான் அன்று யோசித்தது இவ்வளவுதான். ஒருவருக்கும் கேட்கவில்லை என்றால் சேரின் மைக்தான் மூடியிருந்திருக்கும், அது அவருடைய பிழை. விளங்குது என்று எழுதியது எங்கள் பிழை. முறைப்பாட்டோடு பல்கலைக்கழகக் கந்தோருக்குப் போனால் அவருடைய பாதியை மட்டும்தான் சொல்வோம், எங்கள் பாதியைச் சொல்ல மாட்டோம். பேசாமல் இருந்தால் பிழை பரீட்சை வரைக்கும் போகும், அதன் பிறகு என் தங்கச்சி தையல் மெசினுக்கு முன்னால் இருப்பாள். ஆகவே முதலில் சேரிடம், அதுவும் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் இல்லாமல், போனில். பிரதிநிதியாக வரப்போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஒருவரைப் பற்றி மேலே சொல்வதற்கு முன்னால் அவரிடமே சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கும்.

அழைத்தேன்.

"சேர், போன ரெண்டு வகுப்பும் உங்கட சத்தம் எங்களுக்கு வரல்ல."

"எவ்வளவு நேரம் வரல்ல?"

"தொடக்கத்தில இருந்து முடியும் வரைக்கும் சேர். ரெண்டு நாளும்."

"உங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் சேர்."

"அப்ப விளங்குது எண்டு போட்டது?"

இந்த இடத்தில் நல்ல பொய்கள் ஏழெட்டு எனக்குத் தோன்றின. "அது பொய் சேர்" என்றேன்.

எதையோ தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த வகுப்புகளுக்கு எண்டு புது ஹெட்செட் ஒண்டு வாங்கினனான். அதில ஒரு சுவிச் இரிக்கி. அதத்தான் நான் பார்க்காம விட்டிரிக்கன். அதுக்குப் பிறகு பழசத்தான் போட்டனான்." பிறகு சொன்னார். "தங்கச்சி, அந்த ரெண்டு நாளும்தான் எனக்குப் படிப்பிக்க வரும் எண்டு எனக்கே நம்பிக்கை வந்தது."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால் இருந்து பேசுகிற அந்த மனிதருக்கும் எங்களைப் போலவே பயம் இருந்திருக்கிறது. நாங்கள் மரியாதை என்று நினைத்து எழுதியதை அவர் உண்மை என்று எடுத்து, அதில் ஏறி நின்றிருக்கிறார். மரியாதையால் ஒரு மனிதரை இப்படியும் விழுத்தலாம்.

பரீட்சைத் திகதியை மாற்ற முடியாது, அது ஏற்கெனவே கந்தோரில் முடிவாகியிருந்தது. போயா பௌர்ணமி விடுமுறையில் காலையிலேயே சேர் வகுப்பு வைத்தார். ஒருவரும் தவறவில்லை. நாங்கள் என்ன முகத்தோடு இருப்பது என்று தெரியாமல் இருந்தோம். அவரே தொடங்கினார்.

"பக்கத்து அறையில இருந்த என்ட மனிசி ரெண்டு வகுப்பையும் முழுசாக் கேட்டிரிக்கா. இந்த அலகு இப்ப அவவுக்குத்தான் நல்லா விளங்கும். பரீட்சைக்கு அவவ அனுப்புவமா, அல்லது நீங்க படிக்கிறீங்களா?"

பிறகு ஒரு சட்டம் போட்டார். அரட்டையில் விளங்குது என்று எழுதக்கூடாது. மைக்கைத் திறந்து, விளங்காதது ஒன்றையாவது சொல்லாமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது. முதல் பக்கம் முடிந்தது. முதலில் திறந்தது சிபானாவின் மைக், அதற்குள் பிள்ளை வீரிட்டு அழுதது.

"சேர்," என்றாள் சிபானா, "என்ட மகனுக்கு ஒண்டும் விளங்கல்லயாம். உம்மாவுக்கும் கொஞ்சம் டவுட் இரிக்கி."

சிரிப்பில் மைக்குகள் திறந்தன, பிறகு மூடவேயில்லை. உழவு மெசின், பாங்கோசை, டவுனில் பாண் விற்றுப் போகும் வண்டியின் பாட்டு, எல்லாம் கலந்துதான் அந்த அலகை நாங்கள் படித்தோம். நான் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் நான் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் கேட்டார்கள். பிரதிநிதியின் வேலை எல்லாம் தெரிந்திருப்பது என்று நினைத்திருந்தேன். தெரியாததை முதலாவதாகச் சொல்வதுதான் அந்த வேலை.

பரீட்சையன்று வெளியிலிருந்து பரீட்சகராக ஒரு மெடமும் வந்திருந்தார். சேர் ஒரு கட்டத்தில், மெடம் ஒரு கட்டத்தில், நான் ஒரு கட்டத்தில். மெடத்தின் முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இல்லை. தங்கச்சி வாசலில் கோழிக்குக் காவல்.

"மையநாட்ட அளவைகளில் முனைப் பெறுமானங்களின் செல்வாக்கை விளக்குக" என்றார் மெடம்.

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. என்ன கேட்கிறார் என்று மட்டும் தெரியவில்லை. படித்து வைத்திருந்த ஒரு விடை நாக்கு நுனியில் இருந்தது, எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற மாதிரி. அதைச் சொல்லிவிடலாம். அல்லது சத்தம் வரவில்லை என்று இணைப்பின் மேல் பழியைப் போடலாம், உன்னிச்சை என்றால் நம்புவார்கள். சேரின் முகத்தைப் பார்த்தேன். அவர் புருவத்தை உயர்த்தவில்லை, குனிந்திருந்தார்.

"மெடம், கேள்வி நல்லாக் கேட்டது. எனக்கு விளங்கல்ல" என்றேன்.

"எது விளங்கல்ல?"

"முனைப் பெறுமானம் எண்ட சொல்."

மெடம் கண்ணாடியைக் கழற்றினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். "மற்றதெல்லாம் ஒரே அளவா இருக்கைக்குள்ள, ஒண்டு மட்டும் மிச்சம் பெரிசா, அல்லது மிச்சம் சின்னதா இருந்தா, அதத்தான் சொல்றது. இப்ப சொல்லுங்க."

சொன்னேன். எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். ஒரு வட்டையில் எல்லோருக்கும் சின்னச் சின்னக் காணி, ஒரு போடியாருக்கு மட்டும் பெரிய காணி. சராசரி எடுத்தால் எல்லோருமே வசதியானவர்கள் என்று வரும், அந்த அளவில் காணி உள்ள ஒரு ஆளும் அங்கே இருக்க மாட்டார். வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், அதுதான் இடையம், உண்மை தெரியும். சொல்லச் சொல்ல எனக்கே தெம்பு வந்தது. மெடம் இடையில் ஒரு கேள்வி கேட்டார், அதற்கும் சொன்னேன். அவர் கடைசிவரை சிரிக்கவில்லை. "விளங்கல்ல எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கதான் இண்டைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

நான் தாண்டினேன். சிபானாவும் றொஷானும் தாண்டினார்கள். பெறுபேறு வந்தபோது அப்பா வயலில் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டுப் போனை வாங்கி, படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "சரி மனே" என்றார். பிறகு மாமாவுக்கு அழைக்கச் சொன்னார்.

தங்கச்சி கார்மென்ட்ஸுக்குப் போகவில்லை. உயர்தரம் எடுத்தாள். இப்போது உங்கள் வகுப்புக் குறூப்பில் அவளும் ஒருத்தி. எவள் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

போன கிழமை உங்களுக்குப் புள்ளிவிபரவியல் முதல் வகுப்பு. அதே சேர்தான், இப்போது நிரந்தரம். நான் அம்மாவோடு குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து அவரது குரல், "விளங்குதா?" நீங்கள் எல்லோரும் என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது தங்கச்சியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"சேர், எனக்கு விளங்கல்ல."

அம்மா பதறிவிட்டார். "என்னடி இவள், போன முதல் நாளே விளங்கல்லயாம்?"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். பிறகு சேர் கேட்டார்.

"உங்கட வீடு உன்னிச்சையா?"

"ஓம் சேர்."

அவர் சிரித்தது குசினி வரைக்கும் கேட்டது. அம்மா கையைக் கழுவிவிட்டு, தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தார்.